இரண்டு ஹூட்டும் ஓடிய காலை

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஸ்காபரோவில் யாரும் நம்புவதில்லை. "என்ன பிள்ளை, லொத்தர் விழுந்ததோ?" என்று கேட்பார்கள். லொத்தர் ஒன்றும் விழவில்லை. பதினொரு வருடம் கட்டடப் பரிசோதகராக இருந்தேன். வீடுகளுக்குப் போய், சட்டப்படி கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் வேலை. இந்த வருடத் தொடக்கத்தில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம், என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை செய்த ஆரணி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, இப்ப கன இடத்துக்கு நாங்கள் போறேல்லை. வீட்டுக்காரர் போனிலை வீடியோவைப் போட்டுக்கொண்டு நடப்பினம், நாங்கள் ஒஃபிசிலை இருந்து பாக்கிறம். குசினி ஹூட்டையும் அப்பிடிப் பாத்து முடிக்கலாமோ?"

"பார்க்கலாம், ஆனால்" என்று பதில் எழுதத் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன். அந்த 'ஆனால்' ஒரு செய்திக்குள் அடங்கக்கூடியதல்ல.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பொறியியல் டிப்ளோமா, சட்டப் பரீட்சைகள், பிறகு ஒரு வருடம் மூத்தவர்களின் காரில் பின்சீட்டு. சமையலறைக்கென்று மனப்பாடம் செய்தவை இவை: அடுப்புக்கும் அதற்கு மேலுள்ள மர அலுமாரிக்கும் இடையே எழுநூற்றைம்பது மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஹூட்டின் குழாய் எரியாத உலோகமாக இருக்க வேண்டும், வேறெங்கும் நிற்காமல் நேரே வெளியே போக வேண்டும். உறிஞ்சும் வாயில் எண்ணெய் வடிகட்டி, குளிரான இடத்தால் குழாய் போனால் அதைச் சுற்றி வெப்பக் காப்பு. கடைசியாக, வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர ஒரு வழி. மற்றவை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். இந்தக் கடைசியை மட்டும் பார்க்க முடியாது.

முதல் வருடம் யூனியன்வில்லில் ஒரு பெரிய வீடு. ஹூட் பளபளவென்று இருந்தது, போட்டவுடன் உறுமியது. வெளிச்சுவரில் அதன் வாயைத் தேடினேன், காணவில்லை. கூரைக்குள் ஏறிப் பார்த்தால் குழாய் அங்கேயே முடிந்திருந்தது. ஓர் இலையுதிர்காலமும் ஒரு குளிர்காலமுமாக வந்த குழம்பு ஆவியும் எண்ணெயும் கூரை மரங்களில் படிந்து, அதன்மேல் பனி உறைந்து, என் டோர்ச் வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னின. வீட்டுக்காரர் கீழே நின்று, "வாசம் போகுதுதானே, பிறகென்ன?" என்றார். மனிதர்கள் வாசத்தைத்தான் அளக்கிறார்கள், வாசம் போனால் எல்லாம் போய்விட்டது என்று நம்புகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஆட்களின் வீடுகளில் இது இன்னும் கூர்மையானது. பிள்ளையின் ஜக்கெற்றில் கறி வாசம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக, கடையிலேயே பெரிய ஹூட்டைத் தேடி வாங்குபவர்கள் நாங்கள். மீன் பொரிக்கக் கீழே ஒரு குசினி, விருந்தாளிக்கு மேலே ஒரு குசினி. ஒரு வீட்டில் இரண்டு ஹூட் என்பது எங்களுக்கு அதிசயமில்லை.

என் மேலதிகாரியின் பெயர் மார்லீன். ஆங்கிலத்தில்தான் பேசுவார், அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். கோப்புகளை இரும்பு அடிமட்டம் ஒன்றை வரிக்கு வரி கீழே நகர்த்தித்தான் படிப்பார். குரல் உயராது. விஷயம் மோசமாகும்போது அவர் பேச்சு மெதுவாகும். அதுதான் எங்களுக்கு அபாய மணி. நாங்கள் ஏதாவது சந்தேகத்தோடு போனால் ஒரு தாளை மூன்றாக மடித்து நீட்டுவார். முதல் மடிப்பில் பார்த்தது, இரண்டாவதில் பார்க்காதது, மூன்றாவதில் நினைப்பது. மூன்றையும் நிரப்பாமல் அவரோடு பேச முடியாது. இரண்டாவது மடிப்பு வெறுமையாக இருந்தால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

இனி, உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அந்த 'ஆனால்' பாதியில் நிற்கவும் காரணமான வோபர்ன் வீடு.

பழைய ஒற்றைத் தட்டு வீடு, அதற்கடியில் நிலவறை போல ஒரு பேஸ்மென்ற். ரவி அண்ணையும் அவர் மனைவி சுகந்தி அக்காவும் வாங்கி, சுவரை உடைத்துப் புதுப்பித்தார்கள். மேல் சமையலறைக்கு நகராட்சி அனுமதியாக ஒரு பெர்மிற், அந்த வேலையை ஒக்டோபரில் நான் பார்த்தேன். பெரிய ஹூட், அது ஓடும்போது மட்டும் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் குழாய் ஒன்று, அதன் வாய் சமையலறைத் தரையோரம். பேஸ்மென்ற்றைப் பக்கவாசலோடு தனி வீடாக மாற்றப் பிறகு இன்னொரு பெர்மிற் எடுத்தார்கள். டிசெம்பரில் அதையும் நான்தான் பார்த்தேன். அங்கே சின்ன ஹூட். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுடுதண்ணீர்த் தாங்கி, பேஸ்மென்ற்றின் படுக்கையறைக்குப் பக்கத்தில், காற்றுப் போக இடைவெளி விட்ட கீற்றுக் கதவு போட்ட ஒரு சிறிய அறைக்குள்.

அந்தத் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடியில் வாயு எரியும். புகை தானாக மேலெழுந்து, தலையில் உள்ள குடை போன்ற தகட்டுக்குள் புகுந்து, குழாயால் கூரைக்கு மேலே போகும். தள்ளிவிட ஒரு விசிறியும் கிடையாது. சூடான காற்று மேலே போகும் என்ற ஒரு நம்பிக்கைதான். வீட்டுக்குள் இருக்கும் காற்றை ஹூட்டுகள் அளவுக்கு மேல் உறிஞ்சினால் வீடு எந்த ஓட்டையாலாவது மூச்சை இழுக்கும். அந்தப் புகைக்குழாயும் ஓர் ஓட்டை. அப்போது புகை மேலே போகாது, உள்ளே இறங்கும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு வாசம் கிடையாது.

இதற்குச் சோதனை உண்டு. எல்லாக் கதவையும் ஜன்னலையும் மூட வேண்டும். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுத் தாங்கியை எரியவிட வேண்டும். விசிறிகளைப் போட்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பிறகு அந்தக் குடைத் தகட்டின் விளிம்பில் ஒரு மெல்லிய புகையைப் பிடித்து, அது உள்ளே இழுபடுகிறதா வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒக்டோபரில் மேல் ஹூட்டைப் போட்டுப் பார்த்தேன். புகை உள்ளே போனது. டிசெம்பரில் கீழ் ஹூட்டைப் போட்டுப் பார்த்தேன். புகை உள்ளே போனது. இரண்டு தாளிலும் கையெழுத்திட்டேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரவி அண்ணை அலுவலகத்துக்கு அழைத்தார்.

"தங்கச்சி, நாளைக்குக் காலமை வீடு குடிபூரல். ஓமம் வளர்க்கிறம். உந்த அலாம் எல்லாம் கத்தத் தொடங்கினா ஐயர் மந்திரம் சொல்லேலாதெல்லோ. ஒரு ரெண்டு மணித்தியாலம் கழட்டி வைக்கட்டோ?"

"கழட்டக் கூடாது அண்ணை. ஜன்னலைத் திறந்துவிடுங்கோ."

"இந்தக் குளிருக்கையோ? வந்த சனம் என்னைத்தான் ஓமத்திலை போடும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே சொன்னேன்: "அப்ப குசினி ஹூட்டை ஃபுல்லாப் போட்டுவிடுங்கோ. புகை போயிடும்."

"அதுதான் சரி. நீங்களும் வாங்கோ தங்கச்சி, சாப்பிட்டுப் போகலாம்."

அழைப்பைப் பதிவு செய்வதற்காக அவர் முகவரியைக் கணினியில் தட்டினேன். இரண்டு கோப்புகள் வந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒன்றில் மேல் வீடு, மற்றதில் பேஸ்மென்ற். அவற்றை அதுவரை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை. இரண்டு ஹூட்டையும் ஒரே நேரத்தில் நான் போட்டுப் பார்க்கவில்லை என்பது அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் காதுக்குள் என் குரலே கேட்டது: ஃபுல்லாப் போட்டுவிடுங்கோ.

திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன்: இரண்டு ஹூட்டையும் சேர்த்துப் போடாதீர்கள், என்னோடு உடனே பேசுங்கள். பதில் வந்தது: "கட்டாயம் வாங்கோ தங்கச்சி." படிக்காமலே அனுப்பிய பதில். பின்னேரம் வீட்டுக்கே போய் முன்கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. பக்கவாசலைத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்லீன் அன்று புறப்படாமல் எனக்காக இருந்தார். மூன்றாக மடித்த தாளை நான் கேட்காமலே எடுத்து நிரப்பினேன். இரண்டாவது மடிப்பு நிறைந்திருந்தது. அவர் அடிமட்டத்தை வைத்து அதை வாசித்தார்.

"வீட்டுக்குள் நுழைய உன்னிடம் உத்தரவு இல்லை. ஆபத்து என்று சொல்ல ஆதாரமும் இல்லை," என்றார், மிக மெதுவாக. "அழைப்பு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் விருந்தாளியாகப் போ. ஒன்றும் சாப்பிடாதே, பிறகு லஞ்சம் என்பார்கள்."

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நான் போனபோது தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். முன் வாசலில் சப்பாத்துக் குவியல். கதவைத் திறந்தவுடன் கண் எரிந்தது. ஹோலின் நடுவில் ஓமம். ஜன்னல்கள் எல்லாம் மூடி, ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. மேலே பார்த்தேன். அலாமைக் கழற்றவில்லை, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை அதற்கு மாட்டியிருந்தார்கள். காபன் மொனொக்சைட்டையும் அதே அலாம்தான் பார்க்க வேண்டும்.

சமையலறையில் ஹூட் உறுமிக்கொண்டிருந்தது. தரையோரக் காற்று வாயைப் பார்க்கக் குனிந்தேன். அதற்குள் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

"உதென்ன அக்கா?" என்று வடை பொரித்துக்கொண்டிருந்த சுகந்தி அக்காவிடம் கேட்டேன்.

"ஐயோ தங்கச்சி, உதாலை பனிக்காத்து காலிலை அடிக்குது. ஹூட்டைப் போட்டா இன்னும் மோசம். வீடு துப்பரவாக்க வந்து போன ரெண்டு கிழமையா அவர்தான் அடைச்சு வச்சிருக்கிறார்."

சாரத்தை இழுத்து வெளியே எறிந்தேன். அவர் திகைத்து என்னைப் பார்த்தார். ஹூட்டை நிறுத்தினேன். "கீழை ஆரும் இருக்கினமோ?"

"நிர்மலா இருக்கிறாள், என்ரை தங்கச்சி. பிள்ளை பிறந்து இருபது நாள்தானே. விட்பி வீட்டிலை தனிய விடேலாது எண்டு நேத்துக் கூட்டி வந்தனாங்கள்."

"மேலை வரேல்லையோ?"

"பிள்ளை பெத்த தீட்டு, துடக்கெல்லோ. முப்பத்தொரு நாளும் கழியாமல் ஓமத்துக்கு வரக்கூடாது. ஐயரிட்டைக் கேட்டனாங்கள். கீழை தனி வாசல் இருக்குத்தானே, அது வேறை வீடு, பிரச்சினை இல்லை எண்டு சொன்னவர்." பிறகு, நான் நிம்மதியடைவேன் என்று நினைத்துச் சொன்னார்: "பிள்ளைக்குப் புகை ஏறாமல் கீழையும் ஹூட்டைப் போட்டுவிடச் சொன்னனான். அலாம் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிடும் எண்டு கீழை இருந்ததையும் இவர் கழட்டிப் போட்டார்."

ஐயர் அதை வேறு வீடு என்றார். நகராட்சியும் வேறு வீடு என்று தனிக் கோப்புத் திறந்திருந்தது. இரண்டு கோப்புக்கும் கையெழுத்து வைத்தவள் நான்.

தட்டில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு அன்ரி, "பிள்ளை, கீழை போனா திரும்ப மேலை வரேலாது, குளிக்க வேணும்!" என்று கூப்பிட்டார். வெளியே வந்து, பனியில் சுற்றி, பக்கவாசலைத் திறந்தேன்.

உள்ளே சூடும் ஈரமும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழ் ஹூட் ஓடியது. பிள்ளையின் துணிகளோடு ட்ரையரும் ஓடியது. அதுவும் காற்றை வெளியேதான் தள்ளும். கீற்றுக் கதவைத் திறந்தேன். மேலே அத்தனை பேர் கை கழுவிக்கொண்டிருந்ததால் தாங்கி எரிந்துகொண்டிருந்தது. ஊதுபத்தியைத் தகட்டின் விளிம்பில் பிடித்தேன்.

புகை என் முகத்துக்கு வந்தது.

பயத்தை நான் பல தடவை அறிந்திருக்கிறேன். அன்று அறிந்தது வேறு. என் கைகள் தாமாக வேலை செய்தன: தாங்கியின் வாயுவை மூடின, ஹூட்டை நிறுத்தின, ட்ரையரை நிறுத்தின. படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

நிர்மலா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் யார் என்று கேட்கவில்லை. "தலை வெடிக்குது அக்கா," என்றாள். "நித்திரை இல்லாததாலையாக்கும்."

"பிள்ளை எப்ப பால் குடிச்சவர்?"

அவள் யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் எடுத்தாள். "விடியப் போலை. இண்டைக்கு நல்ல பிள்ளையாப் படுக்கிறான்."

பிள்ளையைத் தூக்கினேன். தலை என் கையில் துணி போல விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், அழவில்லை. வாயருகே கன்னத்தை வைத்தேன். மூச்சு இருந்தது. நிர்மலாவை எழுப்பிப் பின்னால் வரச் சொல்லிவிட்டு அந்த மூச்சை நான் எண்ணினேன், படியேறும்வரை, பனியில் நடக்கும்வரை, என் காருக்குள் ஹீட்டரைப் போட்டு நிர்மலாவின் மடியில் அவனை வைக்கும்வரை. இடையில் ஒரு கையால் அவசர எண்ணை அழைத்ததாகப் பதிவு சொல்கிறது. எனக்கு அது நினைவில்லை.

பிறகு முன்வாசலுக்கு ஓடிக் கத்தினேன். சப்பாத்தோடு ஹோலுக்குள் நின்றேன். "எல்லாரும் வெளியிலை வாங்கோ! வீட்டுக்கை நச்சுப் புகை!"

ஒருவரும் அசையவில்லை. ரவி அண்ணை வேட்டியோடு எழுந்தார், முகம் சிவந்திருந்தது. "தங்கச்சி, இதென்ன கூத்து? உது ஓமப் புகை."

"ஓமப் புகை இல்லை அண்ணை. கீழை பிள்ளை எழும்புதில்லை."

முதலில் எழுந்தவர் ஐயர். கையில் இருந்த நெய்க் கரண்டியை வைத்துவிட்டு, "எழும்புங்கோ எல்லாரும். மந்திரம் எங்கையும் ஓடாது," என்றார். அவர் எழுந்ததால்தான் சனம் எழுந்தது. நான் சொல்லி எழவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்தார்கள். வாயு அளவியோடு பேஸ்மென்ற்றுக்குள் இரண்டு படி இறங்கிய ஒருவர், அதன் எண்ணைப் பார்த்துவிட்டு, பேசாமல் முகமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். இன்னும் பார்க்கிறேன்.

பிள்ளை இரண்டு நாள் வைத்தியசாலையில் ஒக்சிசனோடு இருந்தான். அந்த இரண்டு நாளும் நான் அறிக்கை எழுதினேன். மூன்று மடிப்புப் போதவில்லை; நான்காவதாக ஒன்றை நானே மடித்தேன், 'சொன்னது' என்று. அதில் ஒரே ஒரு வரி. மார்லீன் அடிமட்டத்தை அந்த வரியின் கீழ் வெகுநேரம் வைத்திருந்தார். அழிக்கச் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

திங்கள் மாலை ரவி அண்ணை அழைத்தார். "பிள்ளை கண் முழிச்சிட்டான். பாலும் குடிச்சிட்டான்," என்றார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, அந்த ஓட்டையை அடைச்சது நான்தான்."

"ஹூட்டைப் போடச் சொன்னது நான்தான் அண்ணை."



ஆறு வாரத்துக்குப் பிறகு மறுபரிசோதனை. காற்று வாய்க்குச் சூடாக்கி போட்டிருந்தார்கள், இனிக் காலில் குளிர் அடிக்காது. இரண்டு ஹூட்டில் எது ஓடினாலும் அந்த வாய் திறக்கும்படி வயர் இழுத்திருந்தார்கள். அலாம்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நான் இரண்டு ஹூட், ட்ரையர், குளியலறை விசிறிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். கதவுகளை மூடினேன். ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணித்தியாலம் நின்றேன். புகை உள்ளே போனது. பக்கம் மாற்றிப் பிடித்தேன், உள்ளே போனது. சட்டம் கேட்ட எல்லாம் இருந்தன. கையெழுத்திட்டேன்.

நிமிர்ந்தபோது பக்கவாசலில் நிர்மலா நின்றாள். கார் இருக்கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விட்பியிலிருந்து வந்திருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"எல்லாம் சரியோ அக்கா?"

"சட்டப்படி எல்லாம் சரி."

"நீங்கள் இந்த அறையிலை உங்கடை பிள்ளையைப் படுக்க வைப்பியளோ?"

பதினொரு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. ரவி அண்ணை என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை," என்றேன்.

"பிறகென்னத்துக்குத் தங்கச்சி பாஸ் பண்ணினியள்?" ரவி அண்ணையின் குரல் உடைந்திருந்தது.

"அந்த வாயைத் திரும்ப ஒருத்தரும் அடைக்காட்டி இது சரி அண்ணை. அடைக்க மாட்டினம் எண்டு சட்டம் நம்புது. என்னாலை நம்பேலாது."

அவர் தாங்கியையே பார்த்தார். உள்ளே நீலச் சுவாலை சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. "உதைக் கழட்டிப் போட்டு, கரண்டிலை ஓடுற ஒண்டைப் பூட்டினா? புகையே இல்லாதது?"

"அப்ப படுக்க வைப்பன்."

நிர்மலா பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள்.

"பூட்டினாப் பிறகு சொல்லுங்கோ அத்தான்," என்றாள். "வாறன்."

பனியில் திரும்பி நடந்து காருக்குள் ஏறினாள். ரவி அண்ணை அன்று பின்னேரமே தாங்கியின் வாயுவை மூடினார்.